வெட்டுவது தெரிகிறது, காடு எப்படிக் கூடுகிறது?

கேள்வி: எங்கள் பக்கம் மரங்கள் வெட்டப்படுவதைக் கண்ணால் பார்க்கிறோம். அறிக்கையில் மட்டும் வனப்பரப்பு கூடுகிறதே, எப்படி?
- வாசகர், ராமநாதபுரம்

பதில்: இரண்டுமே உண்மையாக இருக்கலாம். டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்கில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கவிகை 10 சதவீதம் இருந்தாலே அது ‘வனப்பரப்பு’. யார் நிலம், என்ன மரம் என்ற கேள்வி கிடையாது. தென்னந்தோப்பும் சேரும், உங்கள் ஊர்ச் சீமைக் கருவேலமும் சேரும்.

அடுத்தது, வகைப்படுத்தும்போது நேரும் பிழை. இந்தக் கணக்குக்குப் பயன்படும் லிஸ்-3 என்ற செயற்கைக்கோள் உணரியின் படத்தில் ஒரு புள்ளி என்பது 23.5 மீட்டர் சதுரம். அதற்குள் நாலு வேம்பு, ஒரு ஓட்டு வீடு, கொஞ்சம் வரப்பு என்றால் எதில் சேர்ப்பது? மலைச்சரிவின் நிழலும் குழப்பும். இலையுதிர் காடு கோடையில் மொட்டைத் தரையாகத் தெரியும் என்பதால் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான படங்களைத் தேடுகிறார்கள். நமக்கோ அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை, வானம் முழுக்க மேகம்!

பெரிய சங்கடம் கழித்தல் கணக்கில் இருக்கிறது. 95 சதவீதம் சரியான வரைபடம் என்றால் நல்ல மதிப்பெண்தான். அப்படிப்பட்ட இரண்டு ஆண்டு வரைபடங்களை ஒப்பிடும்போது, பிழைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், ஏறக்குறைய 10 சதவீத இடம் மாறாமலே மாறியதாகக் காட்டும். அண்மை அறிக்கைகள் சொல்லும் நிகர மாற்றமோ ஒரு சதவீதத்தைக்கூடத் தொடுவதில்லை. ஆகவே புள்ளிகளை எண்ணிக் கூட்டினால் போதாது. குலுக்கல் முறையில் இடங்களைத் தேர்ந்து, நுண்ணிய படத்திலோ நேரிலோ சரிபார்த்து, பிழை வரம்போடு பரப்பைச் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை ‘இத்தனை சதுர கிலோமீட்டர் கூடியது’ என்று செய்தி வந்தால், பக்கத்தில் பிழை வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள்.