மூக்கடைப்பும் குழந்தையின் தூக்கமும்

மார்கழி பிறந்துவிட்டால், வடநாட்டில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் கைக்குழந்தை உள்ள வீடு எது என்று இரவிலேயே கண்டுபிடித்துவிடலாம். நடுநிசி தாண்டியும் அந்த வீட்டில் விளக்கு எரியும். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு யாராவது ஒருவர் நடந்துகொண்டிருப்பார். காரணம் பெரும்பாலும் சாதாரண ஜலதோஷம்தான். மூக்கு அடைத்துக்கொள்ளும், குழந்தைக்குப் பால் குடிக்க முடியாது, பசியில் அழும், அழுதால் மூக்கு இன்னும் அடைக்கும்.

நான் மருத்துவன் அல்லன். பொறியியலில் டிப்ளமோ படித்து, ரயில்வேயில் டீசல் எஞ்சின்களோடு வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்றவன். இருந்தும் இதை எழுத எனக்கு ஒரு கடமை இருக்கிறது. ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதிலுள்ள மருத்துவச் செய்திகளை எங்கள் பேரனைப் பார்க்கும் குழந்தை மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே எழுதுகிறேன்.

முகல்சராயில் ஓர் இரவு

1989 ஜனவரி. அப்போது முகல்சராயில் வேலை. (2018இல் அந்த நிலையத்துக்குத் தீனதயாள் உபாத்யாயா சந்திப்பு என்று பெயர் மாறிவிட்டது.) எங்கள் மூத்த மகளுக்கு நான்கு மாதம். அவளைப் பார்த்துக்கொள்ள என் மாமியார் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். குழந்தைக்கு மூன்று நாளாக மூக்கடைப்பு. குளிரோ எலும்பைத் துளைத்தது.

"மாப்பிள்ளை, மேலே அந்தச் சின்ன ஜன்னல் வழியா குளிர்காத்து நேரா குழந்தை மேலே வருது" என்றார் மாமியார். நான் நாற்காலி போட்டு ஏறி, பழைய செய்தித்தாளை மடித்து அந்த வெண்டிலேட்டரை இடைவெளியில்லாமல் அடைத்தேன். கதவின் அடியில் கோணிச் சாக்கை வைத்தேன். அந்த ஊரில் நிலக்கரிக்குப் பஞ்சமில்லை. வாசலில் அங்கீட்டியைப் பற்றவைத்து, புகை அடங்கித் தணல் சிவந்ததும் அறைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு, மாலை நான்கு மணி ஷிப்டுக்குப் போனேன். புகை இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று எண்ணினேன்.

நள்ளிரவு தாண்டி வந்து கதவைத் தட்டினேன். வெகுநேரம் யாரும் திறக்கவில்லை. கடைசியில் என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து தாழ்ப்பாளை நீக்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தலைவலி, வாந்தி. மாமியார் எழுந்திருக்கவே இல்லை. குழந்தை அழவில்லை, தூக்கினால் துணிபோலத் துவண்டது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் ஓடிவந்தார். மூவரையும் வெளியே கொண்டுவந்து மருத்துவமனைக்கு விரைந்தோம். பிராணவாயு கொடுத்தார்கள். விடியும்போது மகள் அழுதாள். அந்த அழுகையைப் போல இனிய ஒலியை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

அங்கிருந்த டாக்டர் என்னிடம் சொன்னது இதுதான்: "சளி தானாகப் போயிருக்கும். நீங்கள் அடைத்த அறைதான் உயிரைப் பறித்திருக்கும்."

தணலில் புகை தெரியாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு வெளிவந்துகொண்டேதான் இருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சினுக்குக் காற்று போகும் வழி அடைபட்டிருக்கிறதா என்று பகலெல்லாம் பார்த்தவன், என் குழந்தைக்குக் காற்று வரும் வழியை என் கையாலேயே அடைத்தேன். மாமியாரைக் குறை சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை.

சின்னக் குழாயின் கணக்கு

பெரியவர்களுக்கு மூக்கடைத்தால் வாயைத் திறந்து மூச்சு விடுவோம். பிறந்த சில மாதங்கள் வரை குழந்தை பெரும்பாலும் மூக்கு வழியாகவே சுவாசிக்கிறது. பால் குடிக்கும்போது வாயும் அடைபட்டிருக்கும். ஆகவே நமக்குத் தொல்லையாக இருப்பது அதற்குத் திணறலாகிறது.

இன்னொரு காரணம் கணக்கு. குழாயில் சீராக ஓடும் காற்றுக்கோ நீருக்கோ உள்ள தடை, குழாயின் விட்டத்தின் நான்காம் மடிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். விட்டம் பாதியானால் தடை இரண்டு மடங்கன்று, 16 மடங்கு. விட்டத்தில் கால் பங்கு குறைந்தாலே தடை ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும். ரத்தம் நுண்குழாய்களில் எப்படி ஓடுகிறது என்று அறிய முயன்ற பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் 1840களில் வெளியிட்ட விதி இது. மூக்கு உருண்டைக் குழாய் அல்ல என்றாலும் பாடம் பொருந்தும். ஏற்கெனவே சிறிய வழியில் ஒரு துளி சளி ஒட்டினாலும் மூச்சு கனத்துவிடும்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்தால் ஆறுதலும் உண்டு. அந்தத் துளியை எடுத்துவிட்டால் பெரும் நிம்மதி. மருந்து வேண்டியதில்லை, வழி திறந்தால் போதும்.

முதல் படி: உப்பு நீர்

மருந்துக் கடையில் "சலைன் நேசல் டிராப்ஸ்" என்று கேளுங்கள். உள்ளே சோடியம் குளோரைடு, அதாவது உப்பு மட்டுமே மருந்தாக இருக்கவேண்டும், 0.65 அல்லது 0.9 சதவிகிதம் என்று போட்டிருக்கும். அதே அளவு, அதே வடிவப் புட்டியில் சைலோமெட்டாசொலின், ஆக்ஸிமெட்டாசொலின் என்ற மூக்கடைப்பு மருந்துகளும் வரும். அவற்றை மருத்துவர் சொல்லாமல் கைக்குழந்தைக்கு விடக்கூடாது. தூக்கக் கலக்கத்தில் கை மாறிவிடும். ஆகையால் புட்டியை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை படித்துவிட்டுத் திறவுங்கள்.

குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து ஒவ்வொரு நாசியிலும் இரண்டு மூன்று சொட்டு. ஒரு நிமிடம் பொறுங்கள். சளி இளகித் தும்மலோடு வரும், அல்லது தொண்டை வழியே இறங்கிவிடும், விழுங்கினால் கெடுதலில்லை. வெளியே தெரிவதை மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். பஞ்சுக் குச்சியை உள்ளே விடவேண்டாம்.

போதாவிட்டால் ரப்பர் பல்ப் உறிஞ்சியைப் பயன்படுத்தலாம். முதலில் வெளியே வைத்தே பல்பை அமுக்கி, நுனியை நாசியின் வாயிலில் மட்டும் வைத்து, பிறகு மெதுவாக விடவேண்டும். உள்ளே வைத்து அமுக்கினால் சளி மேலே போய்விடும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் உறிஞ்சினால் உட்சவ்வு வீங்கி அடைப்பு அதிகமாகும். ஒவ்வொரு முறையும் சோப்பு நீரில் கழுவி உலர்த்துங்கள்.

நேரம் முக்கியம். பால் கொடுப்பதற்குக் கால் மணி முன்பும், படுக்கவைக்குமுன்பும் செய்யுங்கள். பால் குடித்த உடனே செய்தால் வாந்தி வரும். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள்.

இரண்டாம் படி: படுக்கை

தலையை உயர்த்தினால் மூக்கு திறக்கும் என்று தலையணையோ மடித்த போர்வையோ வைப்பது நம் வழக்கம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அது கூடாது. குழந்தை சறுக்கி, முகவாய் மார்பில் இடித்து, மூச்சுக்குழல் மடங்கலாம். முகம் தலையணையில் புதையலாம். சளி பிடித்த இரவிலும் தட்டையான, உறுதியான படுக்கையில் மல்லாந்தே தூங்கவேண்டும். குழந்தைகளைக் குப்புறப் படுக்கவைக்கக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1992இல் அறிவுறுத்தியது. அதன்பின் தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் அங்கே வெகுவாகக் குறைந்தன.

தூளியிலும் முதுகு வளைந்து முகவாய் மார்பில் சாயும். ஆகவே மூக்கடைப்பு உள்ள நாட்களில் தூளியைத் தவிர்ப்பதே நல்லது. மாறாக, படுக்கவைக்குமுன் கால் மணி நேரம் தோளில் நிமிர்த்திப் பிடித்து நடந்தால் சளி இறங்கும். பிடித்திருப்பவர் விழித்திருக்கவேண்டும், தானும் சோபாவில் சாய்ந்து தூங்கிவிடக்கூடாது.

ரஜாயைக் குழந்தை மேல் போர்த்தவேண்டாம். உடம்போடு ஒட்டிய ஆடைகள், நம்மைவிட ஓர் அடுக்கு அதிகம், போதும். வீட்டுக்குள் தூங்கும்போது குல்லாவைக் கழற்றிவிடுங்கள்.

மூன்றாம் படி: அறைக் காற்று

வெளியே பனிமூட்டம், ஆனால் ஹீட்டர் போட்ட அறையில் காற்று ஏன் வறண்டுபோகிறது என்று பலர் கேட்கிறார்கள். 5 டிகிரி குளிரில் ஒரு கனமீட்டர் காற்று ஏறக்குறைய 7 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதே காற்றை 25 டிகிரிக்குச் சூடாக்கினால் அதற்கு 23 கிராம் தாங்கும் சக்தி வந்துவிடுகிறது. இருப்பதோ அதே 7 கிராம். ஈரப்பதம் 30 சதவிகிதமாகிவிட்டது! அந்தக் காற்றில் சளி காய்ந்து பொருக்காகும்.

எனவே ஹீட்டரை விடிய விடிய எரியவிடவேண்டாம். தூங்குமுன் அறையைச் சூடாக்கிவிட்டுக் குறைத்துவிடுங்கள். ஈரத் துண்டு ஒன்றைக் கொடியில், ஹீட்டருக்கும் படுக்கைக்கும் எட்டத்தில், உலர்த்துங்கள். குளிர்ந்த நீராவிக் கருவி இருந்தால் தினமும் தண்ணீரை மாற்றிக் கழுவவேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சையைத்தான் ஊதும். கொதிக்கும் நீர்ப் பாத்திரம் குழந்தையின் அருகில் வரவே கூடாது.

குளியலறையை அடைத்து வெந்நீரைத் திறந்துவிட்டு நீராவியில் உட்காரும் யோசனையும் பரவலாக உள்ளது. உங்கள் குளியலறைக்குள் கேஸ் கீஸர் இருந்தால் இதைச் செய்யாதீர்கள். முகல்சராய்த் தணல் செய்ததை அதுவும் செய்யும்.

அறைக்குள் அங்கீட்டி, கரி, விறகு எதுவும் வேண்டாம். வெண்டிலேட்டரை அடைக்காதீர்கள். வெளியே புகைமூட்டம் அதிகமென்றால் தெருப்பக்க ஜன்னலை மூடிக்கொண்டு, உள்அறைக் கதவைக் கையகலம் திறந்து வையுங்கள்.

அன்பினால் செய்யும் தவறுகள்

குளித்ததும் சாம்பிராணிப் புகை காட்டுவது நமக்கு ஊர் நினைவைக் கொண்டுவரும் மணம்தான். ஆனால் வீங்கிய மூக்குக்குப் புகை எரிச்சலே. மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கலாம். வாயால் ஊதிச் சளி எடுத்தால் நம் கிருமி குழந்தைக்குப் போகும். கற்பூரம் கலந்த தைலங்களை இரண்டு வயது வரை தடவக்கூடாது. கற்பூரம் வலிப்பை உண்டாக்கக்கூடியது. ஒரு வயது வரை தேன் கூடாது. ஆறு மாதம் வரை கஷாயமும் வேண்டாம்.

சளி மருந்து வேண்டாமா? குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் 2025இல் நச்சு கலந்த இருமல் மருந்தால் குழந்தைகள் பலர் இறந்தனர். இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குச் சளி, இருமல் மருந்துகள் எழுதவேண்டாம் என்று அந்த அக்டோபரில் மத்திய அரசு மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. கடைக்காரர் கொடுத்தார் என்று வாங்கிவராதீர்கள்.

எப்போது ஓடவேண்டும்?

சட்டையை விலக்கி, குழந்தை அமைதியாக இருக்கும்போது, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வெறும் மூக்கடைப்பு அல்ல, மருத்துவரிடம் போகவேண்டும். மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளின் கீழ்ப்பகுதி உள்வாங்குதல், உதடு நீலம் பாரித்தல், பால் குடிக்க மறுத்தல், சிறுநீர் குறைதல், எழுப்பினாலும் துவண்டு கிடத்தல் - இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திராதீர்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தாலே மருத்துவர் பார்க்கவேண்டும்.

போன குளிர்காலத்தில் எங்கள் பேரனுக்கு ஐந்து மாதம், மூக்கடைப்பு. 1989இல் துவண்டு கிடந்த அதே மகள்தான் அவனுடைய தாய். இரவு ஒரு மணிக்கு அவள் உப்பு நீர்ச் சொட்டு விட்டாள். அவன் தும்மினான், பால் குடித்தான், மல்லாந்து தூங்கிப்போனான். "நீங்களும் போய்ப் படுங்கப்பா" என்றாள். நான் போகுமுன் வழக்கம்போல் அண்ணாந்து வெண்டிலேட்டரைப் பார்த்தேன். திறந்திருந்தது.

உங்கள் வீட்டிலும் இன்றிரவு ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.