எல்லை கடக்கும் நிறுவனம், எல்லையில் நிற்கும் பொறுப்பு

ஒரு நிறுவனம் எத்தனை எல்லைகளைக் கடக்கின்றதோ, அத்தனை எல்லைகளையும் அதன் பொறுப்பும் கடக்கின்றதா? வணிகவியல் பயில்வோர் மட்டுமல்லர், நாம் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

பாறசாலையை அடுத்த சிற்றூரில் பிறந்த எனக்கு, எல்லை என்பது வெறும் ஏட்டுச் சொல் அன்று. 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம் முதலிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு அப்பால் வாழும் எம் உறவினர் வேறு மாநிலத்தார் ஆயினர். ஆனால் சோப்புக்கு இந்த எல்லை இல்லை. இரண்டு ஊர்க் கடைகளிலும் இருப்பது அதே லைஃப்பாய் கட்டிதான். அதனைச் செய்யும் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் உருவானதும் அதே 1956 நவம்பரில் என்பது வியப்பன்றோ! ஆகவே இந்த நிறுவனத்தையே பாடமாகக் கொள்வோம்.

அமைப்பு

1929-இல் இங்கிலாந்தின் லீவர் சகோதரர் நிறுவனமும், ஆலந்தின் மார்கரின் யூனியும் சேர்ந்து யூனிலீவர் ஆயின. இலண்டனிலும் ராட்டர்டாமிலும் இரு தலைமைகள் கொண்டிருந்த அது, 2020-இல்தான் ஒரே தலைமை நிறுவனம் ஆயிற்று. இந்தியாவில் 1931, 1933, 1935 ஆகிய ஆண்டுகளில் அது தொடங்கிய மூன்று நிறுவனங்கள் இணைந்ததே இந்துஸ்தான் லீவர். 2007-இல் அதன் பெயர் இந்துஸ்தான் யூனிலீவர் என மாறிற்று.

இந்த அமைப்பின் நுட்பத்தை நாம் கவனித்தல் வேண்டும். ஒவ்வொரு நாட்டுக் கிளையும் சட்டத்தின் பார்வையில் தனி நிறுவனம். பெயரும் முறையும் மூலதனமும் எல்லை கடக்கின்றன. வழக்கு என்று வந்தால் பெரும்பாலும் அந்தந்த நாட்டில் நின்றுவிடுகின்றது.

நோக்கம்

நிறுவனர் வில்லியம் லீவர் வெறும் இலாபம் கருதியவர் அல்லர். 1888-இல் லிவர்பூலுக்கு அருகே, தம் தொழிலாளர்க்காகப் போர்ட் சன்லைட் என்னும் ஊரையே எழுப்பத் தொடங்கினார். நல்ல வீடு, பள்ளி, பூங்கா எல்லாம் அங்கு உண்டு. அதே லீவர் 1911-இல் பெல்ஜிய அரசிடம் காங்கோவில் பனை எண்ணெய் உரிமை பெற்றார். அங்கோ அவர் நிறுவனத்தின் பணி, குடியேற்ற ஆட்சியின் கட்டாய உழைப்பைச் சார்ந்து நடந்தது என வரலாற்று ஆய்வாளர் காட்டியுள்ளனர். தலைவர் ஒருவர், நோக்கம் ஒன்று, நடத்தை மட்டும் இரண்டு! உரிமை கேட்கும் குரல் அருகில் இருந்த இடத்தில் பொறுப்பு இருந்தது. குரல் எட்டாத இடத்தில் அது தேய்ந்தது.

பொறுப்பு

இனி நம் நாட்டுக்கு வருவோம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த பாதரச வெப்பமானி ஆலை, 1983-இல் கொடைக்கானலுக்குப் பெயர்ந்தது. அப்போது அது பாண்ட்ஸ் நிறுவனத்துடையது. 1987-இல் இந்துஸ்தான் லீவரிடம் வந்தது. செய்த வெப்பமானிகள் ஏற்றுமதிக்கு. பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடியோ நம் மலைக்கு. 2001 மார்ச்சில், அத்தகைய கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய பொருள் வணிகரிடம் கிடப்பதை மக்கள் வெளிப்படுத்தினர். தன் விதிகளுக்கு மாறாக அது விற்கப்பட்டதை நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆலை மூடப்பட்டது.

தொழிலாளர் உடல்நலம் கெடவில்லை என்று நிறுவனம் கூறிற்று; கெட்டது என்று தொழிலாளர் கூறினர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்தது. 2016 மார்ச்சில், மனிதநேய அடிப்படையில் எனக் கூறி, முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. மூடிய ஆலைக்கும் உடன்பாட்டுக்கும் இடையே பதினைந்து ஆண்டுகள்!

ஒன்றை மட்டும் மறத்தல் ஆகாது. 2003-இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு, கப்பலேறி அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குச் சுத்திகரிப்புக்காகச் சென்றது. மக்கள் விடாது கேட்டால், பொறுப்பும் கடல் கடக்கும் என்பதற்கு இது சான்று.

சட்டமும் நாமும்

2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நல்ல சட்டமே. ஆயினும் அது இலாபத்தைச் செலவிடும் வகையைச் சொல்கிறது. இலாபம் வந்த வழியை அந்தப் பிரிவு கேட்பதில்லை. பள்ளிக்குக் கட்டடம் தருவது கொடை. ஆற்றில் நஞ்சு கலவாதிருப்பதே கடமை. கொடையைக் காட்டிக் கடமையை மறைக்க இடம் தரலாகாது.

எல்லையோர மக்களாகிய எங்களுக்கு இது தொலைவான செய்தி அன்று. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவு நெல்லைச் சிற்றூர்களில் கொட்டப்பட்டது. பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்ட பின்னர்க் கேரள அரசு லாரிகளில் அதைத் திரும்ப எடுத்துச் சென்றது. பன்னாட்டு நிறுவனமாயினும் பக்கத்து மாநிலமாயினும் நீதி ஒன்றே: கழிவை ஆக்கியவர் அதனைச் சுமக்க வேண்டும்.

நண்பர்களே! நாளை நம்மில் பலர் இத்தகைய நிறுவனங்களில் பணியேற்போம். அவற்றின் ஆண்டறிக்கையைப் படிக்கும்போது மூன்று கேள்விகள் கேட்போம்: பொருள் எங்கே செல்கிறது? இலாபம் எங்கே செல்கிறது? கழிவு எங்கே தங்குகிறது? மூன்றாம் கேள்விக்கு விடையில்லாத அறிக்கையில், நோக்கம் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், பொறுப்பு இன்னும் எழுதப்படவில்லை என்றே கொள்வோம்.