பள்ளிப் பாடமும் ஊர்க் கிணறும்

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் மாணாக்கரின் பொது விஞ்ஞானப் பாடநூலை நம் பஞ்சாயத்து அங்கத்தினர்களில் எத்தனை பேர் புரட்டிப் பார்த்திருப்பர்? பிள்ளைகளின் புத்தகம் பிள்ளைகளுக்கே என்று நாம் விட்டுவிடுகிறோம். காற்று, நீர், வெப்பம், விசையும் அழுத்தமும், விதையும் பயிரும், நோயும் அதனைப் பரப்பும் உயிர்களும் என்று பாடங்கள் அதில் அமைந்திருக்கும். பரீட்சைக்காகப் படிக்கப்பட்டுப் பரீட்சையோடு மறக்கப்படுபவை அவை. ஆயினும் பம்பு ஏன் தண்ணீர் எடுக்கவில்லை, கிணற்றில் எவ்வளவு மருந்து போடுவது, வாங்கிய விதை முளைக்குமா என்று நாம் ஊர்ப் பொதுவிடத்தில் கூடி விவாதிக்கும் விஷயங்களும் அவையேதாம். இம்மூன்று கேள்விகளையும் எடுத்துக்கொண்டு, பள்ளிப் பாடம் அவற்றுக்கு என்ன விடை கூறுகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

காற்றின் எடை

ஒரு கண்ணாடித் தம்ளரில் விளிம்புவரை நீரை நிரப்பி, அதன்மேல் ஓர் அட்டையை வைத்து, உள்ளங்கையால் தாங்கியபடி தலைகீழாகத் திருப்பிக் கையை எடுத்துவிட்டால் நீர் கொட்டுவதில்லை. இச்சோதனையைச் செய்து காட்டாத விஞ்ஞான ஆசிரியர் இரார். அட்டையைக் கீழிருந்து தாங்குவது காற்றின் அழுத்தம் என்பது பாடம். பிள்ளைகள் கைகொட்டி மகிழ்வார்கள், மணி அடித்துவிடும். இந்த அட்டைக்கும் தோட்டத்துப் பம்புசெட்டுக்கும் உள்ள உறவைச் சொல்ல ஆசிரியருக்கு நேரம் இருப்பதில்லை.

கிணற்று மேட்டில் வைத்த பம்பு நீரை மேலே 'இழுக்கிறது' என்று நாம் பேசுகிறோம். உண்மையில் பம்பு இழுப்பது இல்லை. அது குழாயினுள் இருக்கும் காற்றை அகற்றுகிறது. கிணற்று நீரின் மேற்பரப்பை வெளிக்காற்று அழுத்துகிறது. அவ்வழுத்தமே நீரைக் குழாயினுள் ஏற்றுகிறது. ஆகவே காற்றால் எவ்வளவு உயரம் தள்ள முடியுமோ அவ்வளவு உயரமே நீர் ஏறும். 1643ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு அறிஞர் டாரிசெல்லி பாதரசத்தைக் கொண்டு இதனை அளந்து காட்டினார். காற்றின் அழுத்தம் 76 சென்டிமீட்டர் உயரமுள்ள பாதரசத்தைத் தாங்கியது. பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு கனமானது. 76ஐ 13.6ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1,033 சென்டிமீட்டர், அதாவது 10.3 மீட்டர் வரும். கடல் மட்டத்தில், குறையற்ற பம்பு ஒன்று இருந்தாலும், உறிஞ்சு குழாயில் நீர் ஏறக்கூடிய எல்லை இதுவே. குழாயின் உராய்வு, மூட்டுகளில் காற்றுக் கசிவு முதலியவற்றைக் கழித்தால் நடைமுறையில் 7 மீட்டர், அதாவது 22 அல்லது 23 அடி என்று கொள்வதே நலம். மலைமேல் செல்லச் செல்லக் காற்று மெலிவதால் இவ்வெல்லை மேலும் குறையும். உதகமண்டலத்தின் உயரத்தில் கணக்கின்படியே 8 மீட்டருக்கு மேல் ஏறாது.

இதனை அறியாமையால் விளையும் பொருள் நஷ்டம் சிறிதன்று. கோடையில் நீர்மட்டம் இறங்கியதும், மேட்டில் இருக்கும் 3 குதிரைச் சக்தி மோட்டாரை விற்று 5 குதிரைச் சக்தி மோட்டார் வாங்குவோரைக் காண்கிறோம். எத்தனை குதிரை பூட்டினாலும் காற்றின் எடை கூடப்போவதில்லை. மோட்டாரின் சக்தி, பம்புக்கு மேலே நீரைத் தூக்கி அனுப்பத்தான் பயன்படும். பம்புக்குக் கீழே உள்ள தூரத்தைக் காற்றுதான் கவனித்துக்கொள்ளவேண்டும். கிணற்றின் உட்சுவரில் மேடை அமைத்துப் பம்பை நீர்மட்டத்தின் அருகில் இறக்கிய விவசாயிகள் பள்ளியில் படித்தவர்களோ இல்லையோ, பாடத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள். நீருக்குள்ளேயே மூழ்கியிருக்கும் நீர்மூழ்கி மோட்டாருக்கு இந்த எல்லை இல்லாததன் காரணமும் இதுவே. 1970களின் பிற்பகுதியில் நம் நாட்டில் உருவாகிய 'இந்தியா மார்க் 2' கைப்பம்பிலும் உருளையானது ஆழ்துளைக் கிணற்றினுள் நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கப்பட்டிருக்கிறது. அப்பம்பு நீரை உறிஞ்சுவதில்லை, கீழிருந்து தூக்குகிறது.

குழாயின் கைப்பிடி

இனி நீரைப் பற்றிய பாடம். இதற்குச் சற்று அதிக இடம் தருவதற்கு வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

1854ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் லண்டன் மாநகரின் ஒரு பகுதியில் காலரா நோய் பரவியது. பத்து நாட்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நோய்க்குக் காரணம் கெட்ட காற்று என்பதே அக்காலத்து மருத்துவர்களின் நம்பிக்கை. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் மட்டும் வீடு வீடாகச் சென்று, இறந்தவர்கள் எங்கே தண்ணீர் எடுத்தார்கள் என்று விசாரித்தார். பெரும்பாலோர் பிராட் தெருவில் இருந்த ஒரே கைப்பம்பின் நீரைக் குடித்தவர்கள் என்பது தெரியவந்தது. அருகில் 535 பேர் வசித்த ஏழையர் விடுதி ஒன்றில் இறந்தவர் ஐவர் மட்டுமே. அவ்விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது.

இவ்வளவும் பல நூல்களில் காணப்படுவதுதான். நம் அங்கத்தினர்கள் கவனிக்கத்தக்கது அதன்பின் நடந்தது. ஸ்னோ தமது கணக்கை எடுத்துக்கொண்டு மந்திரியிடம் போகவில்லை. அந்த வட்டாரத்தின் நிர்வாகக் குழுவினரிடம் சென்றார். நம் பஞ்சாயத்தைப் போன்ற உள்ளூர் அமைப்பு அது. அவருடைய வாதத்தை அவர்கள் முழுவதும் நம்பினார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் செப்டம்பர் 8ஆம் தேதி அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றி எடுத்துவிட்டனர். அதற்குள் நோயின் வேகம் தணியத் தொடங்கிவிட்டது என்பதை ஸ்னோவே நேர்மையுடன் எழுதியிருக்கிறார். பின்னர் தோண்டிப் பார்த்தபோது, ஒரு வீட்டின் கழிவுக் குழி கிணற்றிலிருந்து மூன்றடிக்கும் குறைவான தூரத்தில் இருந்து கசிந்தது வெளியாயிற்று. முப்பது ஆண்டுகளுக்குப்பின், 1884இல், ராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி கல்கத்தாவில் ஒரு குளத்து நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டறிந்தார்.

குடிநீர்க் கிணற்றுக்கும் கழிவுக் குழிக்கும் இடையே குறைந்தது 15 மீட்டர், அதாவது 50 அடி தூரம் இருக்கவேண்டும் என்று இன்று சுகாதார நூல்கள் கூறுகின்றன. வீடுதோறும் கழிப்பறை கட்டப்பட்டது நன்மையே. ஆனால் அதன் குழி எங்கே தோண்டப்பட்டது, பக்கத்து வீட்டுக் கிணறு எத்தனை அடியில் இருக்கிறது என்று நாடா பிடித்து அளந்து பார்த்த பஞ்சாயத்துகள் எத்தனை?

தெளிந்த நீரும் தூய நீரும்

தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைத்தவர்கள் நம் முன்னோர்கள். படிகாரமும் அதையே செய்கிறது. மிதக்கும் நுண்துகள்களை ஒன்றாகத் திரட்டிக் கனமாக்கி அடியில் படியச் செய்வதே அவற்றின் வேலை. பள்ளிப் பாடம் இதனை நன்கு விளக்குகிறது. கூடவே, தெளிந்த நீர் யாவும் தூய நீர் அன்று என்றும் எச்சரிக்கிறது. கிருமி கண்ணுக்குப் புலப்படாது. அதனை அழிக்கக் கொதிக்கவைக்க வேண்டும் அல்லது குளோரின் சேர்க்கவேண்டும்.

பொதுக் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் போடும் பிளீச்சிங் பவுடர் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிவது அவசியம். அதில் உள்ள குளோரின்தான் கிருமியைக் கொல்கிறது. சுண்ணாம்பு அதனைத் தாங்கி நிற்கும் பொருள் மட்டுமே. நல்ல தூளில் குளோரின் சுமார் 33 சதவீதம் இருக்கும். காற்றும் ஈரமும் வெயிலும் பட்டால் குளோரின் வெளியேறிவிடும். வாய் திறந்த மூட்டையை மோட்டார் அறையின் மூலையில் மாதக் கணக்கில் வைத்திருந்து, பின்பு அதில் இரண்டு கை அள்ளித் தொட்டியில் தூவினால், நாம் தண்ணீருக்கு இடுவது வெறும் சுண்ணாம்பே. பதிவேட்டில் 'மருந்து போடப்பட்டது' என்று எழுதப்பட்டிருக்கும்; கிருமி அதைப் படிப்பதில்லை.

எவ்வளவு போடுவது? இங்கே கணக்குப் பாடமும் துணைக்கு வருகிறது. வட்டக் கிணறு ஒன்றின் விட்டம் 3 மீட்டர், நீரின் ஆழம் 2 மீட்டர் என்று கொள்வோம். ஆரம் 1.5 மீட்டர். 3.14 × 1.5 × 1.5 × 2 = 14.13 கன மீட்டர். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர் ஆகையால் கிணற்றில் 14,130 லிட்டர் நீர் இருக்கிறது. நல்ல தூளாயின் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்ற விகிதத்தில் சுமார் 35 கிராம் தேவை. விட்டம் இரட்டித்து 6 மீட்டராக இருந்தால் மருந்தும் இரட்டித்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. விட்டம் இருமடங்கானால் நீர் நான்கு மடங்காகும். மருந்து 140 கிராமுக்குக் குறையாமல் வேண்டும். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பலகையில் ஐந்து நிமிடத்தில் போடக்கூடிய இக்கணக்கை ஒவ்வொரு பொதுக் கிணற்றின் சுவரிலும் எழுதிவைக்கலாம்.

தூளை அப்படியே நீரில் தூவக்கூடாது. ஒரு வாளியில் நூறு கிராமுக்கு மேற்படாமல் இட்டு, சிறிது நீர் விட்டுக் குழைத்து, பின் முக்கால் வாளி நீர் சேர்த்துக் கலக்கிப் பத்து நிமிடம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்த நீரை வேறொரு வாளிக்கு மாற்றி, அவ்வாளியைக் கயிற்றில் கட்டிக் கிணற்று நீருக்குள் இறக்கி, மேலும் கீழுமாக அசைத்துக் கலக்கவேண்டும். அடியில் தங்கிய சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டலாகாது. தூளைக் கையாளுபவர் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்வதோடு, கண்ணில் படாமலும் காத்துக்கொள்ள வேண்டும். குளோரின் வேலை செய்ய ஒரு மணி நேரமாவது ஆகும். ஆகவே இரவில், ஊர் நீர் எடுத்து முடித்தபின் செய்வது உத்தமம்.

மேற்கூறிய 2.5 கிராம் என்பது தொடக்க அளவு. நீர் கலங்கலாகவோ அழுக்காகவோ இருந்தால் கூடுதலாகத் தேவைப்படும். போதுமா என்பதை அறிய வழி ஒன்றே: ஒரு மணி நேரம் கழித்துச் சோதனைக் கருவியால் நீரில் எஞ்சியுள்ள குளோரினை அளப்பது. அப்போது லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருப்பது நன்று. குழாய் வழியே கடைசி வீட்டை அடையும்போது 0.2 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது. தொட்டியின் அடியில் சோதிப்பதைவிடத் தெருக் கோடியில் உள்ள குழாயில் சோதிப்பதே பயனுடையது. அந்தக் கோடியில் வசிப்பவர்களுக்குக் கூட்டத்தில் எழுந்து பேசும் பழக்கம் பெரும்பாலும் இருப்பதில்லை என்பதும் ஒரு காரணம்.

குளோரினால் ஆகாத காரியமும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களில் சில இடங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிவதைக் காணலாம். கரைந்துள்ள உப்பைக் குளோரின் நீக்காது. கொதிக்கவைத்தாலும் நீர்தான் ஆவியாகிப் போகும். உப்பு அப்படியே நிற்கும். இதற்கு வேறு நீராதாரமோ தக்க வடிகட்டும் அமைப்போதான் தேவை.

விதையும் முட்டையும்

விதையைப் பற்றி விவசாயிகளுக்கு நாம் கற்பிக்க வேண்டியது அதிகம் இல்லை. இரண்டு சோதனைகளை மட்டும் நினைவூட்டுகிறோம். ஒரு பாத்திரத்து நீரில் புதிய கோழிமுட்டையை இட்டால் அது மூழ்கும். உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டே வந்தால் நீரின் அடர்த்தி கூடி, முட்டை மேலெழுந்து மிதக்கும். அந்நீரில் விதை நெல்லைக் கொட்டினால் பதரும் அரைமணியும் மிதந்துவிடும். திரண்ட மணி அடியில் தங்கும். தங்கிய விதையை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட வேண்டும். அலசாவிட்டால் உப்பு முளைப்பைக் கெடுக்கும்.

மற்றொன்று முளைப்புச் சோதனை. ஈரத்துணியில் நூறு விதைகளை வரிசையாக வைத்துச் சுருட்டி, நிழலில் ஈரம் காயாமல் காத்து, முளைத்தவற்றை எண்ணவேண்டும். சான்று பெற்ற நெல் விதையில் நூற்றுக்கு 80 முளைக்கவேண்டும் என்பது விதி. எண்ணிக்கை 60ஆக இருந்தால் விற்றவரிடம் கேட்கலாம். நாற்றங்காலில் கொட்டியபின் கேட்டுப் பயனில்லை. இச்சோதனைக்கு வீட்டுப் பிள்ளையைப் பொறுப்பாக்கினால் அவன் ஒரு நாளைக்கு நான்கு முறை துணியைப் பிரித்துப் பார்ப்பான். அது ஒன்றுதான் அதில் உள்ள இடைஞ்சல்.

கிராம சபையில் ஒரு வகுப்பு

2022ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் தினமாகிய மார்ச் 22ஆம் தேதியும் கிராம சபை கூடும் நாட்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அன்று பள்ளித் தலைமை ஆசிரியரின் இசைவு பெற்று, எட்டாம் வகுப்பு மாணாக்கர் சிலரையும் அவர்களின் விஞ்ஞான ஆசிரியரையும் சபைக்கு அழைக்கலாம். முதல் நாளே அவர்கள் கிணற்றை அளந்து கணக்கிட்டு, கோடிக் குழாயில் குளோரினைச் சோதித்து வந்திருப்பார்கள். கிருமியைச் சோதிக்கும் சிறு பாட்டில்களும் கிடைக்கின்றன. மலக் கழிவு கலந்த நீராயின், அதை ஊற்றி வெதுவெதுப்பான இடத்தில் வைத்த ஓரிரண்டு நாட்களில் பாட்டில் கறுத்துவிடும். ஊரில் உள்ள ஒவ்வொரு நீராதாரத்துக்கும் ஒரு பாட்டில் வீதம், பெயர் ஒட்டி இரண்டு நாள் முன்னதாகவே நிரப்பி வைத்தால், சபை கூடும் வேளையில் மேசைமீது வரிசையாக நிறுத்திக் காட்டலாம். எந்தக் கிணற்றின் பாட்டில் கறுத்திருக்கிறதோ அதன் நீரைக் குடிக்கவேண்டாம் என்று அங்கேயே அறிவித்து, அன்றிரவே மருந்திட்டு, குளோரின் தணிந்தபின் மீண்டும் சோதிக்கவேண்டும். மறுமுறையும் கறுத்தால் கழிவுக் குழி எங்கே இருக்கிறது என்று நாடாவை எடுத்துக்கொண்டு தேடத் தொடங்கலாம்.