கந்தளாயிலிருந்து பொருளாதாரக் கொள்கை படிக்க: ஒரு கேள்வியோடு கிளம்புங்கள்

2021 மே மாதம் இலங்கையில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் விலக்கிக்கொண்டார்கள். அதற்குள் பெரும்போக விதைப்புத் தொடங்கிவிட்டது. அடுத்த அறுவடை நாடெங்கும் சரிந்து, அரிசியை இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசு நிறுத்தியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் சுமார் 3 பில்லியன் டொலர் திட்டம், அதே ஆண்டில் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு, 2024 ஜனவரியில் 18 வீத வற் வரி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கொழும்பில் போடப்படும் கையெழுத்து கந்தளாய் வயலையும் கடையையும் எப்படி வந்து தொடுகிறது என்று கேட்கும் பட்டதாரிகள் இப்போது இங்கே நிறையப் பேர். பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருப்பவர், வங்கியில் வேலை செய்பவர், பொருளியல் கற்பிக்கும் ஆசிரியர் ஆகியோருக்கு ஒரு குறுகிய பல்கலைக்கழகக் கற்கைநெறி நிச்சயம் உதவும். ஆனால் எதைத் தெரிவு செய்கிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

முதலில் பெயர்களைப் பிரித்தறியுங்கள். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் பட்டப்பின் சான்றிதழ் 7ஆம் மட்டம், 20 கிரெடிட். பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் மட்டம், 25 கிரெடிட். பாடநெறி முதுமாணி 9ஆம் மட்டம், 30 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலக் கற்றல் என்பது கணக்கு. விளம்பரத்தில் ‘வார இறுதி வகுப்பு’ என்று மட்டும்தான் இருக்கும். 25 கிரெடிட் டிப்ளோமாவை ஒரு வருடத்தில் முடிப்பதென்றால், சொந்த வாசிப்பையும் சேர்த்து, வாரத்துக்கு ஏறக்குறைய 24 மணித்தியாலம் ஒதுக்க வேண்டும். கந்தளாயிலிருந்து கொழும்பு 200 கிலோமீற்றருக்கு மேல். பஸ்ஸில் போகும் நேரம் இந்தக் கணக்கில் இல்லை. குழந்தையோ வயலோ உள்ளவர்கள் விண்ணப்பப் படிவம் எடுக்கும் முன்பே வீட்டில் உட்கார்ந்து இதைப் பேசிவிடுவது நல்லது. எந்த மட்டமும் குறிப்பிடாமல் வெறுமனே ‘டிப்ளோமா’ என்று விற்கப்படுவதற்குப் பணம் கட்டாதீர்கள்.

எங்கே படிப்பது? கொழும்புப் பல்கலைக்கழகப் பொருளியல் துறை பட்டப்பின் கற்கைநெறிகளை நடத்துகிறது. பணவீக்கம், வரி, கடன் பக்கம் ஆர்வம் இருந்தால் அங்கே பாருங்கள். நெல், நீர், உர மானியம் என்று மனம் ஓடுகிறவர்களுக்குப் பேராதனையின் பட்டப்பின் விவசாய நிறுவகம் பொருத்தம். விவசாயப் பொருளியலுக்கு அங்கே தனிப் பிரிவு உண்டு, கண்டி போகும் வழியும் கந்தளாய்க்காரர்களுக்குப் பழக்கமானதுதான். கந்தளாய்ப் பக்கத்துப் பிள்ளைகள் பேராதனையைப் போதிய அளவு யோசிப்பதில்லை என்பது என் எண்ணம். உயர்தரம் மட்டும் முடித்தவர்கள் அவசரப்பட வேண்டாம். கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ திறந்த பல்கலைக்கழகத்திலோ முதலில் பட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்தே படிக்க அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து மைக்ரோமாஸ்டர்ஸ் என்ற இணையவழிக் கற்கைநெறி இருக்கிறது. தரவு, பொருளியல், கொள்கை வடிவமைப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துத் தரும் இதை உருவாக்கியவர்களில் 2019 நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் அடக்கம். சேர்வதற்குப் பட்டம் கேட்பதில்லை. பாடங்களைக் காசில்லாமல் பார்க்கலாம். சான்றிதழுக்கான கட்டணமும் வருமானத்தைப் பொறுத்தே அமையும். ஆங்கிலமும் கணிதமும்தான் தடை. நுண்கணிதத்தை மறந்துபோனவர்கள் உயர்தரப் புத்தகத்தைத் திறந்து ஓரிரு மாதம் பயிற்சி செய்த பின் சேர்வது நல்லது.

எங்கே சேர்ந்தாலும், ஊர்க் கேள்வி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். கேள்வி இல்லாமல் போகிறவர் சந்தையின் கேள்வி–நிரம்பல் வளையிகளை வரைந்து பரீட்சையில் சித்தியடைந்து திரும்பிவிடுவார். கேள்வியோடு போகிறவர் ஒவ்வொரு விரிவுரையையும் தன் கேள்விமேல் பொருத்திப் பார்ப்பார்.

உதாரணம் தேடி அலைய வேண்டாம். கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலை 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு எழுந்தது, 1990களில் மூடப்பட்டது. அது ஏன் நிலைக்கவில்லை என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பொருளாதாரக் கொள்கை படித்தவர் அந்தக் காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கரும்பு விளைச்சலா, நீரா, யுத்தமா, நிர்வாகமா, இறக்குமதிச் சீனியின் விலையா? இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கேள்வியும் கிடக்கிறது. 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனிக்கான விசேட பண்ட வரி கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதத்துக்கு இறங்கியது. ஆனால் வரி குறைந்த அளவுக்குக் கடையில் விலை குறையவில்லை. அந்த 49 ரூபாய் 75 சதம் யாரிடம் போனது? உள்நாட்டில் கரும்பு நடுகிறவரை அது எப்படிப் பாதித்தது? வரிச்சுமை, சந்தை ஆதிக்கம், அரச வருமானம் ஆகிய மூன்று பாடமும் இந்த ஒரு சீனிப் பையில் இருக்கின்றன. வகுப்பில் ஆய்வுக் கட்டுரை கேட்கும்போது இதை எழுதுங்கள்.

தரவுக்குக் கொழும்பில் ஆள் பிடிக்கத் தேவையில்லை. மாவட்ட வாரியாக, போகத்துக்குப் போகம் நெற் செய்கைப் பரப்பையும் விளைச்சலையும் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிடுகிறது. ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகத்தில் வாராந்த உணவுப்பொருள் விலைகள் கிடைக்கும். மத்திய வங்கியின் வருடாந்தப் பொருளாதார மீளாய்வு தமிழிலும் வருகிறது. முதலில் அதைத் தமிழில் வாசித்துவிட்டு ஆங்கிலத்தில் மறுபடி வாசித்தால் கலைச்சொற்கள் இரு மொழியிலும் கைக்கு வந்துவிடும். வெளியிடப்படாத தகவலுக்கு 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எழுத்தில் கேட்டால், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்லியாக வேண்டும்.

சான்றிதழ் மட்டும் வேலை வாங்கித் தராது. இலங்கைத் திட்டமிடல் சேவைக்குப் போட்டிப் பரீட்சை எழுதித்தான் நுழைய வேண்டும். அரச சார்பற்ற நிறுவனங்களின் கண்காணிப்பு, மதிப்பீட்டுப் பதவிகளுக்கு எக்செல் கணக்கும் தெளிவான அறிக்கையும் வேண்டும். ஆகவே கற்கைநெறி முடியும்போது சான்றிதழோடு இரண்டு பக்கக் கொள்கைக் குறிப்பு ஒன்றும் உங்களிடம் இருக்கட்டும். பிரச்சினை என்ன, தரவு என்ன சொல்கிறது, செய்யக்கூடிய இரண்டு மூன்று வழிகள் எவை, ஒவ்வொன்றுக்கும் செலவு எவ்வளவு, யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம் என்று எழுதுங்கள். நேர்முகத் தேர்வில் அதை மேசைமேல் வைக்கலாம்.

அந்தக் குறிப்பைத் தமிழிலும் சிங்களத்திலும் தயாரியுங்கள். கந்தளாயில் இரு மொழிக்காரரும் ஒரே குளத்து நீரில்தான் வயல் செய்கிறார்கள். சிங்களம் எழுத வராவிட்டால் அலுவலகத்து நண்பரிடம் உதவி கேளுங்கள். ஒரு பிரதியைப் பிரதேச செயலகத் திட்டமிடல் பிரிவுக்கும், இன்னொன்றை விவசாயிகள் அமைப்பின் செயலாளருக்கும் கொடுங்கள். அடுத்த போகத்துக்கான ஆரம்பக் கூட்டத்துக்கு முன்னதாகக் கொடுத்தால் அவர்கள் அதை வாசிக்க நேரம் இருக்கும்.