முட்டிக்குள் இருக்கும் வெள்ளைப் பூச்சு



கெங்கவல்லி பக்கம் குழுக் கூட்டங்களில் சேமிப்புக் கணக்கு முடிந்ததும் நாம் பேசுவது முட்டிவலி பற்றித்தான். அந்த முட்டிக்குள் என்ன இருக்குன்னு பார்ப்போமா?

வளர்ந்தவர் உடம்பில் 206 எலும்புகள். எலும்புகள் சேரும் இடம் மூட்டு. முட்டியில் தொடை எலும்பும் கால் எலும்பும் சேருது, முன்னால் மூடி மாதிரி முட்டிச்சில்லு. ஆட்டுக்கால் வாங்கினால் எலும்பு நுனியில் வெள்ளையா, வழவழன்னு ஒன்று இருக்குமே, அதுதான் குருத்தெலும்பு. நமக்கும் அப்படியேதான். டாக்டர் "ஜவ்வு தேஞ்சிருக்கு" என்பது பெரும்பாலும் இதைத்தான். இதற்கு ரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அதனால் தேய ஆரம்பிக்கும்போது வலி தெரியாது. தேய்ந்தது பழையபடி வளரவும் வளராது.

குச்சிக்கிழங்குத் தோல் சீவ நாள் முழுக்கக் குந்தி உட்காருகிறோம். முட்டி முழுசா மடங்கும்போது அந்தப் பூச்சின் மேல் அழுத்தம் கூடுது. வேலையை விடச் சொல்லவில்லை, விட்டால் கூலிக்கு எங்கே போவது? கொஞ்சம் உயரமான முக்காலி இருந்தால் போதும். தனியாக ஒருத்தி கேட்டால் முணுமுணுப்பாங்க. குழுவாகப் போய்க் கேளுங்கள்.

வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி 5 எண்ணி இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை. தொடைச்சதை பலப்பட்டால் முட்டிக்குப் பாரம் குறையும். கடையில் வாங்கும் வலி மாத்திரையை மாதக்கணக்கில் போட்டால் வயிறு புண்ணாகலாம், சிறுநீரகமும் கெடலாம். முட்டி வீங்கிச் சூடாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உடனே காட்டுங்கள்.