எல்-னா கயிறு இல்ல மக்களே!

ஊசலோட ஃபார்முலா நம்ம எல்லாருக்கும் தெரியும்: டி = 2பை √(எல்/ஜி). ப்ளஸ் ஒன்ல எழுதினோம், மார்க் வாங்கினோம். ஆனா அதுல இருக்கிற அந்த ‘எல்’ எதுன்னு எனக்கு உறைச்சது ஃபைனல் இயர்லதான். உறைக்க வெச்சது ஒன்பது ஷாட்புட் குண்டு.

சிம்போசியத்துக்கு நாங்க செஞ்சது ‘பெண்டுலம் வேவ்’. ஒரே இரும்புச் சட்டத்துல ஒன்பது ஊசல் வரிசையா தொங்கும். நீளம் மட்டும் வேற வேற. எல்லாத்தையும் ஒண்ணா விட்டா பாம்பு மாதிரி நெளியும். 30-வது செகண்டுல ஒண்ணு விட்டு ஒண்ணு எதிரெதிரா ஆடும். 60-வது செகண்டுல எல்லாம் மறுபடி ஒரே கோட்டுக்கு வந்துடும்.

பவுலிங் பந்துலயும் இதைச் செய்வாங்க. நம்ம ஊர்ல கிடைக்கிறது ஷாட்புட் குண்டு. பி.டி. சார் ஓரங்கட்டி வெச்சிருந்த 4 கிலோ இரும்புக் குண்டுகளைக் கொடுத்தார். வொர்க்‌ஷாப் அண்ணா ஒவ்வொண்ணுலயும் ஒரு நட்டை வெல்டு பண்ணித் தந்தார்.

ஃபார்முலாவுல எடையே இல்லையே, எதுக்கு இவ்ளோ கனம்? காத்து இழுக்கிறதால பிளாஸ்டிக் பந்து சீக்கிரம் ஓய்ஞ்சிடும். இரும்புக் குண்டு ரொம்ப நேரம் ஆடும்.

கணக்கு

60 செகண்டுல முதல் குண்டு 24 தடவை ஆடணும், அடுத்தது 25, அப்படியே கடைசி குண்டு 32. டி = 60 ÷ எண்ணிக்கை. ஃபார்முலாவைத் திருப்பினா எல் = ஜி × (டி ÷ 2பை)². ஜி 9.78-னு வெச்சா, வரிசையா செ.மீ.-ல:

154.8, 142.7, 131.9, 122.3, 113.8, 106.0, 99.1, 92.8, 87.1

எங்க சொதப்பல்

முதல் டெஸ்ட்ல 60 செகண்டு ஆச்சு, ஒண்ணும் ஒண்ணா சேரல. ஏன்னா நாங்க குண்டோட மேல்பக்கம் வரைக்கும்தான் அளந்திருந்தோம். எல் அளக்க வேண்டியது குண்டோட நடு வரைக்கும். குண்டு சுமார் 10 செ.மீ. விட்டம், அதனால எல்லாத்துலயும் 5 செ.மீ. கூடிப்போச்சு.

“எல்லாத்துக்கும் ஒரே அளவுதானே கூடுது, என்ன ஆகிடும்?”னு நானும் கேட்டேன். போட்டுப் பாருங்க: 24 ஆட வேண்டியது 23.6 ஆடும், 32 ஆட வேண்டியது 31.1 ஆடும். குட்டை ஊசலைத்தான் அந்த 5 செ.மீ. அதிகமா பாதிக்குது. அப்புறம் எப்படி ஒண்ணா சேரும்?

நீங்க செய்யறதா இருந்தா

- நைலான் கயிறு வேண்டாம், கனத்துக்கு நீளும். ஸ்டீல் வயர் போடுங்க.
- குண்டு பக்கவாட்டுல போகாம இருக்க, வயரை ‘வி’ மாதிரி ரெண்டு பக்கம் கட்டுங்க. அப்போ எல் என்பது சாய்ஞ்ச வயரோட நீளம் இல்ல, சட்டத்துல இருந்து குண்டு நடு வரைக்கும் நேர் உயரம்.
- டர்ன்பக்கிள் மாட்டுங்க. ஒவ்வொரு குண்டையும் தனியா ஆடவிட்டு எண்ணி, முறுக்கிச் சரி பண்ணலாம்.
- மொத்தம் 36 கிலோ. தொடக்கத்துல எல்லாம் ஒரே பக்கம் இழுக்கும். சட்டம் ஆடினா வேவ் கெடும். காலுக்கு மணல் மூட்டை வைங்க.
- ஆடற பாதையில யாரும் நிக்கக் கூடாது. சுத்தி கயிறு கட்டிடுங்க.

வயரையெல்லாம் வெட்டித் திரும்பக் கட்டினோம். சிம்போசியம் அன்னிக்கு 60-வது செகண்டுல ஒன்பதும் ஒண்ணா வந்தப்போ கூட்டம் கத்தினது பேப்பர்ல வாங்கின எந்த மார்க்குக்கும் ஈடாகாது. சட்டம் வொர்க்‌ஷாப்லதான் இருக்கு. ஜூனியர்ஸ், அடுத்த வருஷம் 7.26 கிலோ குண்டுல பாருங்க. நீளம்? மேல இருக்கிற அதே லிஸ்ட்தான்!