தளபதியின் வயதை எழுதுமுன்

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி எழுத வரும் இளையவர்களுக்குச் சில வார்த்தைகள்.

1. படத்தைப் பார்த்து வயதை ஊகிக்காதீர்கள். அந்தக் காலத்துத் தாடிகள் பொல்லாதவை. தாத்தா போலத் தெரியும் வடக்குத் தளபதி கிராண்டுக்கு 1861 ஏப்ரலில் போர் மூண்டபோது 38தான். தெற்குத் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சன் 39 வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

2. வயது சொன்னால் எந்த நாளில் என்பதையும் சொல்லுங்கள். தெற்குத் தளபதி லீக்குப் போரின் தொடக்கத்தில் 54. 1865 ஏப்ரல் 9 அன்று அப்பமாட்டக்ஸில் சரணடைந்தபோது 58. எதிரே உட்கார்ந்திருந்த கிராண்டுக்கு 43 என்று எழுதிவிடுவார்கள். 42தான்; பிறந்தநாளுக்கு இன்னும் 18 நாள் இருந்தது.

3. வயதோடு நிற்காமல், அந்த வயதில் அவர் ஏன் அங்கே இருந்தார் என்று கேளுங்கள். அமெரிக்க ராணுவத்தின் தலைமைத் தளபதி ஸ்காட்டுக்குப் போர் தொடங்கியபோது 74. அந்நாட்டின் அரசியல் சட்டத்துக்கே மூத்தவர். குதிரை ஏற முடியாத உடம்பு. ஆனால் ராணுவத்தில் ஓய்வுச் சட்டம் என்ற ஒன்றே 1861 ஆகஸ்ட் வரை கிடையாது. மொத்தம் சுமார் 16,000 பேர் கொண்ட படையில் மேலே இருப்பவர் நகர்ந்தால்தானே கீழே இருப்பவருக்கு இடம்? பின்னாளில் வடக்கின் தளபதிகளான கிராண்ட், ஷெர்மன், மெக்லெல்லன் எல்லாரும் 1850களில் வேலையை விட்டே போனவர்கள். போர் வந்ததும் தொண்டர் படைகள் லட்சக்கணக்கில் பெருக, அடைத்துக் கிடந்த வழி திறந்தது. 1861 நவம்பர் 1 அன்று ஸ்காட் விட்ட பதவிக்கு வந்த மெக்லெல்லனுக்கு 34. ஒரே நாளில் நாற்பது வயதுக்கு மேல் இறங்கிவிட்டது!

4. எந்தப் படையின் பதவி என்று பாருங்கள். வடக்கின் கஸ்டர் 23 வயதில் பிரிகேடியர் ஜெனரல் ஆனது தொண்டர் படையில். போர் முடிந்ததும் நிரந்தரப் படையில் வெறும் கேப்டன்.

5. இளமைக்குக் கொடி பிடிக்காதீர்கள். 33 வயதில் தெற்கின் டென்னசிப் படையை ஏற்ற ஹூட், அந்த 1864ஆம் ஆண்டு முடிவதற்குள் பிராங்க்ளினிலும் நாஷ்வில்லிலும் அதைச் சிதறடித்தார். கடற்கரையை முற்றுகையிட்டு மிசிசிப்பி ஆற்றைப் பிடிக்கச் சொன்ன கிழவர் ஸ்காட்டின் திட்டத்தைப் பத்திரிகைகள் கேலி செய்தன. போர் பெரும்பாலும் அந்த வழியில்தான் போனது. கெட்டிஸ்பர்க் சண்டையில் கல்ப்ஸ் குன்றை ஒற்றைப் பிரிகேடை வைத்துக்கொண்டு இரவில் காத்த வடக்குத் தளபதி கிரீனுக்கு 62 வயது. மரத்தை வெட்டி, மண்ணைக் குவித்து முன்கூட்டியே அரண் எழுப்ப வைத்தவர் அவர். ராணுவத்தை விட்டிருந்த காலத்தில் அவர் பார்த்தது சிவில் இன்ஜினியர் வேலை.